எல்லாருக்கும் எடுக்கியதாக்கும்

கொல்லயில்,
12 ஜூன் 2023

அன்புள்ள ரெஜி அண்ணனுக்கு,

லேகா எழுதுகிறேன். நான் சுகம். கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது, அடுக்களைப் பக்கம் ஓடு ஒழுகுகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? நீங்கள் பாறை மேல் ஏறி நின்று போன் போட்டால் எனக்குக் கேட்பது காற்றும் உங்கள் இருமலும்தான். அதனால் நம் பழைய ஏற்பாடே நல்லது. சனிக்கிழமை எஸ்டேட் ஜீப்பில் கடிதம் வந்து சேரும். ஷெட்டில் இருக்கிற கோட்டயத்துக்காரர்கள் பிரித்துப் பார்த்தாலும் தமிழ் தெரியாது. அப்பா நம் இரண்டு பேரையும் தமிழ் மீடியத்தில் சேர்த்ததற்கு இப்படியாவது ஒரு பலன்.

இங்கே எனக்கு ஒரு தலைவலி வந்திருக்கிறது. புதிதாக வந்த டாக்டர் மீட்டிங்கில் என் டி.பி. ரிஜிஸ்டரைக் கையில் எடுத்தார். போன வருடம் எண்பத்தாறு டி.பி. நோயாளிகள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாற்பத்தொன்பது பேர். மீதி முப்பத்தேழு பேருக்கு நேரே "தெரியாது" என்று நானே எழுதியிருக்கிறேன். "லேகா, இது ரெண்டும் ஒருத்தருக்கு சேந்து இருந்து, நாம ஒண்ணுக்கு மட்டும் மருந்து குடுத்தா அவரு செத்துப் போவாரு. தெரிஞ்சா பொழைச்சுக்கிடுவாரு. இது உமக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். எல்லாருக்கும் முன்னால் கேட்டார். பதினாலு வருடமாக ஹெல்த் விசிட்டராக இருக்கிறேன், தெரியாமல் இருக்குமா?

பரிசோதனை அறை பின்பக்கக் கட்டடத்தில் இருக்கிறது. மருந்து வாங்க நிற்கிற வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பலகையைப் படித்தவன் யாரும் அந்த வாசலில் நிற்பதில்லை. வெள்ளிக்கிழமை பூவாரில் படகு ஓட்டுகிற ஜாய் என்பவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். திருப்பம் வரைக்கும் கூடவே நடந்தார். திரும்பிப் பார்த்தால் ஆள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்.

அம்மா போனபிறகு இந்த வீட்டில் என் குரலைக் கேட்க வேண்டுமென்றால் பூனையைத் திட்ட வேண்டியிருக்கிறது. ஓணத்துக்கு வருவீர்களா? வாய்க்கு ருசியாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
லேகா

•

சுள்ளியா எஸ்டேட்,
2 ஜூலை 2023

மக்களே லேகா,

கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்று படித்ததில் சந்தோஷம். நானும் இருக்கிறேன்.

மழை விட்டபாடில்லை. ரப்பர் மரத்துக்கெல்லாம் மழை படாமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டியாகிவிட்டது, ஆனாலும் வாரத்தில் மூன்று நாள்தான் பால் வெட்டு. மீதி நாள் ஷெட்டில் சும்மா கிடந்து காலில் ஒட்டுகிற அட்டையைப் பிய்த்துப் போடுவதுதான் வேலை. மெஸ் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. கொஞ்சம் மெலிந்திருக்கிறேன். அதற்கு நீ அழ வேண்டாம், எனக்கு முன்பு தொப்பை இருந்தது.

ஒரு தமாஷ் கேள். இங்கே என் துவர்த்துத் துண்டெல்லாம் காவி நிறமாகிவிட்டது. வேர்வை துடைத்தால் அப்படிக் கறை. எவ்வளவு அலசினாலும் போவதில்லை. ஷெட்டில் உள்ளவன்கள் "அண்ணாச்சி சந்நியாசம் வாங்கப் போறாரு" என்று ஒரே கேலி. ஷீட் அடிக்கிற ஆசிட்டாக இருக்கும்.

உன் பூவார்க்காரன் திரும்பி வந்தானா? வரமாட்டான் என்று நினைக்கிறேன். அவனிடம் வழியில் நீ என்ன பேசினாய் என்று எழுதவில்லையே. உன் வாய் எனக்குத் தெரியும்.

ஓடு மாற்ற ஆள் கிடைக்கும்வரை அடியில் ஒரு வாளி வைத்துக்கொள். பூனையைத் திட்டாதே.

அன்புடன்,
ரெஜி

•

கொல்லயில்,
20 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? எனக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது சரியாகிவிட்டது. வாளி வைத்துவிட்டேன். பூனை கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தங்குகிறது.

என் வாயைப் பற்றி நீங்கள் எழுதியது சரியாகத்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூவாருக்கே போனேன். ஜாய் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். பரிசோதனை அறை ரொம்ப தூரம் என்பதாலா ஓடினீர்கள் என்று கேட்டேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சிஸ்டரே, தூரம் ஒரு காரியமில்ல. 'பயப்படண்டாம், தப்பொண்ணும் செய்யல்லியே' எண்ணு வழியில நீங்க கேட்டீங்க. இல்லேண்ணு சொன்னா பின்ன எதுக்கு டெஸ்ட்? உண்டுண்ணு சொன்னா நாளைக்கு உங்க முன்னால நான் எந்த மூஞ்சியோட வந்து நிக்கது? பஸ் வந்தது, ஏறிட்டேன்."

ஆறுதலாகத்தான் கேட்டேன் அண்ணா. பதினாலு வருடமாக எத்தனை பேரிடம் அப்படி ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். இந்த வாரம் முதல் ஏற்பாட்டை மாற்றிவிட்டோம். சளி பரிசோதனைக்கு டப்பா கொடுக்கிற அதே மேசையில், அப்போதே, விரல் நுனியில் ரத்தம் எடுக்கிறோம். தனி அறைக்கு அனுப்புவதில்லை. யாரும் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "டி.பி. உள்ள எல்லாருக்கும் எடுக்கியதாக்கும், உங்களுக்கும்." வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். இதுவரை வந்த நாலு பேரும் பேசாமல் விரலை நீட்டினார்கள். ஜாயும் வந்து நீட்டினார்.

துவர்த்துக் கறை ஆசிட்டால் வராது அண்ணா. டி.பி.க்குக் கொடுக்கிற மருந்தில் ஒன்றுக்கு அந்தக் குணம் உண்டு. வேர்வை, கண்ணீர், சிறுநீர் எல்லாம் காவியாகும். என் நோயாளிகளின் துணிகளை நான் தினமும் பார்க்கிறேன்.

இதற்குமேல் நான் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள். ஓணத்துக்கு உங்களை எதிர்பார்க்கிறேன்.

உங்கள் தங்கை,
லேகா

•

சுள்ளியா எஸ்டேட்,
3 செப்டம்பர் 2023

மக்களே லேகா,

ஓணம் நன்றாகக் கழிந்ததா? தனியாக இலை போட்டுச் சாப்பிட்டாயா, பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்களா? இங்கே மெஸ்ஸில் ஒரு பாயசம் வைத்தார்கள். சர்க்கரை கூடுதல்.

வராததற்குக் கோபிக்காதே. பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன்.

நீ நினைத்தது சரிதான். ஏப்ரலிலிருந்து மருந்து சாப்பிடுகிறேன். மலையடிவாரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார்கள். அக்டோபரில் ஆறு மாதம் முடியும். ஒரு நாளும் தவறவிடவில்லை. ஊரே டி.பி. லேகா என்று கூப்பிடுகிறவளின் அண்ணன், இதிலாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா? ஆனால் டி.பி. லேகாவின் அண்ணனுக்கே டி.பி. என்று கொல்லயில் முழுக்கச் சிரிக்கும் என்பதால்தான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்குக் குறைச்சலாகிவிடக் கூடாது.

எனக்கும் நீ சொன்ன அந்த ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். டவுனில் வேறு இடத்துக்குப் போக வேண்டும். ஏப்ரலில் கொடுத்தது, இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மழையாக இருக்கிறது. போகலாம்.

உன் ஜலதோஷம் மாறியதில் சந்தோஷம். ராத்திரி தலை குளிக்காதே.

ரெஜி

•

கொல்லயில்,
10 செப்டம்பர் 2023

அண்ணா,

இங்கே சுகம், அங்கே சுகமா என்று எழுத இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. அஞ்சு மாதம்! நான் ஊரான் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கி மாத்திரை தின்றாயா என்று கேட்டுக்கொண்டு திரிகிறேன், என் கூடப் பிறந்தவர் மலை மேல் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டுச் சளியையும் நான்தானே டப்பாவில் வாங்குகிறேன்.

சரி. மருந்தைத் தவறவிடவில்லை என்று எழுதினீர்களே, அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சீட்டு? ஏப்ரலில் கொடுத்தது செப்டம்பரிலும் சட்டைப் பையில் இருக்கிறது என்றால் காரணம் மழை இல்லை. ஏன் போகவில்லை? என்னிடம் ஒளிக்க வேண்டாம். தப்பு ஒன்றும் செய்யவில்லையே அண்ணா? இத்தனை வருடம் தனியாக இருந்ததில் யாரோடாவது பழக்கம் உண்டா? இருந்தால் சொல்லிவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். உடனே பதில் போடுங்கள்.

இங்கே மேசை ஏற்பாடு நன்றாக நடக்கிறது. ஜூலை முதல் வந்த இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேருக்கு எடுத்தாயிற்று. டாக்டர் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். முட்டை சாப்பிடுங்கள். பயறு வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

லேகா

•

கொல்லயில்,
15 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? பதில் இல்லை. போனும் கிடைக்கவில்லை. ஜீப் வரவில்லையா, மலைப்பாதை இடிந்ததா என்று பேப்பரில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் போடவில்லை. இந்த மாதம் உங்களுக்கு மருந்து முடிகிறது. கடைசிச் சளிப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

இரண்டு துவர்த்து வாங்கி இதோடு அனுப்புகிறேன். வெள்ளைதான்.

லேகா

•

கொல்லயில்,
26 நவம்பர் 2023

அன்புள்ள ரெஜி அண்ணனுக்கு,

இதைப் படிக்கும்போது நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று பொய் எழுத மாட்டேன்.

எங்கள் மேசைக்கு அஸ்வதி என்று ஒரு புது நர்ஸ் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை. வெள்ளிக்கிழமை ஒரு அம்மாவுக்கு விரலில் குத்தும்போது, "வீட்டுக்காரரு வெளியூரிலயா? அதுனால பயம் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா விரலை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் அஸ்வதியைத் திட்டித் தீர்த்தேன். அவள் கண் நிறைந்து, "ஒரு கேள்விதானே அக்கா கேட்டேன். பாசத்துல கேட்டதாக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. உதியன்குளங்கரை தாண்டும்போது நான் செப்டம்பரில் உங்களுக்கு எழுதியது வரி வரியாக ஞாபகம் வந்தது. ஜாயிடம் கேட்ட அதே கேள்வி. ஒரு வார்த்தை மாறவில்லை. ஊரில் அத்தனை பேரிடமும் கேட்கக் கூடாது என்று மேசையில் அட்டை எழுதி வைத்தவள், சொந்த அண்ணனிடம் உட்கார்ந்து, மை ஊற்றிக் கேட்டிருக்கிறேன். அதோடு என்னைப் பாராட்டிய கதையையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பஸ்ஸில் அழுதேன் அண்ணா. பக்கத்தில் இருந்த அக்கா வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு எதையும் சொல்ல வேண்டாம். நடந்தது, நடக்காதது எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம். சொல்லாவிட்டாலும் நீங்கள் என் அண்ணன்தான். நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அப்பாவும் அம்மாவும் போனபிறகு இந்த உலகத்தில் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி என்னை மக்களே என்று கூப்பிட வேறு ஆள் இல்லை.

சனிக்கிழமை அந்த அம்மாவைத் தேடிப் போனோம். அவர் முன்னால் அஸ்வதி தன் விரலை நீட்டினாள், நானும் நீட்டினேன், இரண்டு பேருக்கும் குத்தியாயிற்று. பிறகு அவரும் நீட்டினார். ஒரு வினாடி வலி, அவ்வளவுதான்.

மேசையில் சொல்கிற வாக்கியத்தை உங்களுக்கும் எழுதுகிறேன். வேறொன்றும் எழுதவில்லை.

டி.பி. உள்ள எல்லாருக்கும் எடுக்கியதாக்கும். அண்ணனுக்கும்.

என்றும் உங்கள்,
லேகா

•

சுள்ளியா எஸ்டேட்,
7 ஜனவரி 2024

மக்களே லேகா,

சுகமா? ஓடு மாற்றினாயா? பூனை திரும்பி வந்ததா? துவர்த்து கிடைத்தது. இப்போது கறை விழுவதில்லை, மருந்து அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

உன் செப்டம்பர் கடிதத்தை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதில் எழுத எடுப்பேன். இல்லை என்று எழுதினால் பொய். உண்டு என்று சொல்லவே வாய் வரவில்லை, எழுதக் கை எப்படி வரும்? கடைசியில் எடுப்பதையே விட்டுவிட்டேன். உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. நீ கேட்டதில் தப்பில்லை என்று கூட நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஊருக்கு வருகிற வழியே மறந்துபோன மாதிரி இருந்தது.

நவம்பர் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். அடுத்த திங்கள்கிழமை வேலைக்குப் போகாமல் ஜீப்பில் ஏறிக் கீழே இறங்கினேன். சட்டைப் பையில் இருந்த சீட்டை நீட்டினேன், வேர்வையில் எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. அங்கே இருந்த பெண் வேறு சீட்டு எழுதிக்கொடுத்தாள். அவளுக்குக் கன்னடம், எனக்கு அது பாதிதான் புரியும். பெயர், அப்பா பெயர், வயது மட்டும் கேட்டாள். ரெஜி, தங்கையன், நாற்பத்திரண்டு என்று சொன்னேன். நீ எழுதிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே விரலை நீட்டினேன்.

இருக்கிறது என்று சொன்னார்கள் மக்களே. இரண்டு தடவை சரிபார்த்துச் சொன்னார்கள்.

மருந்து தொடங்கியாயிற்று. தினம் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல் இருக்கலாம் என்கிறார்கள். இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றும் டாக்டர் சொன்னார். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

எனக்கு இங்கே ரொம்பத் தனிமையாக இருந்தது. அதை மட்டும் எழுதிக்கொள்கிறேன். நீ கேட்காததனால்தான் இதையும் எழுத முடிகிறது.

ஊருக்கு வரலாமா என்று நினைக்கிறேன். மருந்தை நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ மாற்றித் தருவார்களாம். பிப்ரவரி நாலாம் தேதி ரயிலில் பாறசாலைக்கு வருவேன். எனக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் இங்கிருந்தே கொண்டுவருகிறேன். பின்பக்கத்து அறை போதும். உனக்குச் சங்கடமாக இருந்தால் ஒரு வரி எழுதிவிடு, ஒன்றும் நினைக்க மாட்டேன்.

உன் ரிஜிஸ்டரில் "தெரியாது" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதிலிருந்து ஒருவன் குறைந்தான் என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன் ரெஜி

•

கொல்லயில்,
14 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். ஓடு மாற்றியாயிற்று. பூனை இரண்டு குட்டிகளோடு திரும்பி வந்து, பின்பக்கத்து அறையில் குடியிருக்கிறது. அந்த அறை உங்களுக்குக் கிடைக்காது. முன்னறையில் உங்கள் கட்டில் அப்படியே கிடக்கிறது, கொசுவலை மட்டும் புதிது.

தட்டு, தம்ளர் ஒன்றும் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் பாறசாலை ஸ்டேஷனிலேயே வாங்கி வைத்துக்கொண்டு பூனைக்குப் பால் ஊற்றிவிடுவேன். ஒரு தட்டில் சாப்பிட்டால் இது பரவாது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவள் நான். என்னிடமே தட்டோடு வந்து நிற்கிறீர்களா? நம் வீட்டில் தட்டு இருக்கிறது. ஒன்றரை வருடமாக ஒன்றை மட்டும் கழுவிக் கழுவி எனக்கு வெறுத்துப்போயிற்று.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எழுத மாட்டேன். அழுதேனா என்றும் எழுத மாட்டேன். நாலாம் தேதி ஞாயிறு, எனக்கு லீவுதான். பிளாட்பாரத்தில் நிற்பேன். நீங்கள் இறங்கினதும் பையை வாங்கிக்கொள்வேன், வீடு வரைக்கும் பேசாமல் கூடவே நடப்பேன்.

கேட்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. இதற்கு மட்டும் மறக்காமல் பதில் போடுங்கள்.

அன்றைக்குக் கப்பைக் கிழங்கோடு நெத்திலி மீனா, சாளையா?

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
மக்கள்,
லேகா